பழனி மலையில் படுதாக்களோடு

ஏப்ரல் 24, வியாழன்: மதுரை – வத்தலக்குண்டு – தாண்டிக்குடி மலைப்பாதை

மாமாவுக்குத் தொழில், நாடகத்துக்கு சீன் செட் வாடகைக்கு விடுவது. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களுக்குத் திரை, காட்சி தீட்டிய படுதா, பக்கத் தட்டி, கயிறு, கப்பி எல்லாம் அவர் வீட்டு மாடியிலிருந்துதான் போகும். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் விடாததுமாக, "மலைக்கு வருகிறாயா பாப்பா? குளிர்ச்சியாக இருக்கும்" என்று கூப்பிட்டார். மேடைப் பொருள் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பையன் அம்மை போட்டுப் படுத்திருக்கிறான் என்ற செய்தி வாடிப்பட்டி தாண்டிய பிறகுதான் வெளியே வந்தது.

வண்டி, ஊரெல்லாம் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லாரி. படுதாக்களின் அடியில் கட்டும் மூங்கில்கள் 20 அடி நீளம். வண்டியின் தளம் அதில் பாதிகூட இல்லை. டிரைவர் தலைக்கு மேல் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நீட்டி, வால் பக்கம் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். சமவெளியில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நிலக்கோட்டையில் பூ மணத்தோடு போனோம். வத்தலக்குண்டில் நான்கு இட்லியும் ஒரு வடையும் 50 ரூபாய். சாம்பாரை வாளியோடு மேசையில் வைத்துவிட்டார்கள், அதற்கே கும்பிட வேண்டும். சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் இது என்று சொன்னேன். மாமா இரண்டாவது வடையில் மும்முரமாக இருந்தார்.

பட்டிவீரன்பட்டியைக் கடந்து மலை ஏறத் தொடங்கியதும் மூங்கில் தன் வேலையைக் காட்டியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் முன் நுனி மண்சரிவில் குத்த, பின் நுனி பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நிற்க, வண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. மேலிருந்து பஸ் வந்து நின்றது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து ஆறேழு ஆண்கள் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மூங்கில் கட்டை அவிழ்த்துத் தோளில் வைத்து வளைவைச் சுற்றி நடந்தார்கள். வண்டி வெறும் உடம்போடு திரும்பியதும் மறுபடி ஏற்றிக் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் விசாரணை.

"என்ன நாடகம்?"

"வள்ளி திருமணம்."

"பபூன் யார்?"

வள்ளி யார், முருகன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலை ஏறி முடிக்கும் வரை டீக்கடையில், செக்போஸ்டில் எல்லா இடத்திலும் இதே கேள்வி. பபூன் பெயரைச் சொன்னால் டீக்குக் காசு வாங்க மாட்டார்கள் போல இருந்தது. வாங்கினார்கள், 15 ரூபாய்.

தாண்டிக்குடி மேட்டில் முருகன் கோயில் இருக்கிறது. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டினார் என்பது தல கதை. நாங்கள் போக வேண்டிய ஊர் அதற்கும் அப்பால், காபித் தோட்டங்களுக்கு நடுவில். போன வாரம் பெய்த மழையில் காபி பூத்திருந்தது. செடியின் கணுவுக்குக் கணு வெள்ளையாக அப்பியிருக்க, இருட்டில் முதலில் வந்தது மணம்தான். மல்லிகை என்று நினைத்து வீட்டு வாசல்களைத் தேடினேன். சமுதாயக் கூடத்தில் பாய். ரசம், பீன்ஸ் பொரியல், சுடு சோறு. மதுரையில் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுப் புரண்டவள், இங்கே இரண்டு போர்வை கேட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி: பகல்

கலையரங்கம் சிமென்ட்டில் கட்டியது, மேலே தகரக் கூரை. அகலம் 24 அடி, ஆழம் 16 அடி. கட்டியவருக்கு நாடகம் பார்க்கும் பழக்கம் இல்லை போலும், கூரையில் ஒரு கொக்கிகூட இல்லை. மாமாவும் இரண்டு உதவியாளர்களும் காலை ஏழு மணிக்கே சவுக்குக் கம்புகளை நட்டுக் குறுக்குக் கம்பு கட்டத் தொடங்கினார்கள். இடது கயிற்றை இழுப்பவருக்கு வயது அறுபதுக்கு மேல். வலது கயிறு ஒரு தம்பியிடம். இந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும், அதுதான் வேலை.

படுதா எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணியின் மேல் விளிம்பைக் குறுக்குக் கம்பில் கட்டுகிறார்கள். அடி விளிம்பில் மூங்கில். மேலே முடிந்த கயிறு துணியின் பின்பக்கமாக இறங்கி, மூங்கிலுக்கு அடியில் சுற்றி, முன்பக்கமாக மேலேறி, கப்பி வழியாகப் பக்கத்தில் நிற்பவர் கைக்கு வருகிறது. இழுத்தால் மூங்கில் உருண்டு உருண்டு துணியைத் தன்மேல் சுற்றிக்கொண்டே மேலே போகும். விட்டால் தன் கனத்தில் அவிழ்ந்து இறங்கும். ஒரு பக்கக் கயிறு ஒரு சாண் முந்தினால் போதும், மூங்கில் சாய்ந்து, துணி ஒரு பக்கம் தடித்து, சுருக்கம் விழுந்து, சுருக்கத்தில் வண்ணம் வெடிக்கும். மாமா எல்லாப் படுதாக்களையும் ஏற்றி இறக்கி, மூங்கிலின் இரு நுனியும் ஒரே நேரத்தில் தரையைத் தட்டுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். இரண்டு சத்தம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

தொங்கவிடும் வரிசையிலும் கணக்கு இருக்கிறது. முன்னால் சாமி படம் போட்ட திரை. மூன்றடி தள்ளித் தெரு. அதற்குப் பின்னால் காடு. கடைசியில் தர்பார். பபூன் தெருப் படுதாவுக்கு முன்னால் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் பரண் கட்டலாம், நாற்காலி போடலாம், வள்ளிக்கு இடுப்பில் ஊக்கு கழன்றால் குத்திவிடலாம். நகைச்சுவை நீளும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு கிடைத்த நேரம்.

இந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. நாயகன் வேடத்து ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடத்து ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஹார்மோனியக்காரர் வேறோர் ஊர். அமைப்பாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார். அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம், அந்த நம்பிக்கையில் வண்டி ஓடுகிறது. 1922இல் மறைந்தவர், இன்னும் இவர்களுக்குப் படி அளக்கிறார்.

பரணால் ஒரு சச்சரவு வந்தது. தினைப்புனம் காக்கும் வள்ளி நிற்கும் பரணுக்கு மாமா இரண்டு பெஞ்சை அடுக்கித் துணி போர்த்திவிடுவார். இந்த ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. அவரைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க நிஜமாகவே பரண் கட்டுகிறவர்கள்; ஒரு பெரியவர் கிளைக் கம்புகளால் ஏணியோடு ஒன்று கட்டி, நான்கு பேர் தூக்க, மேடைக்குக் கொண்டு வந்துவிட்டார். அருமையான பரண். மேலே ஏறி நின்றால் வள்ளியின் தலை மேல்தொங்கலுக்குள் போய்விடும். காலை இரண்டடி அறுக்கலாமா என்று மாமா கேட்டதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. "இந்த உயரத்தில் பன்றி வராதா?" என்றார். வள்ளி நாடகத்தில் பன்றி வராது என்று மாமா சமாதானம் சொன்னார். அரை மணி நேரம் கழித்துப் பெரியவரே ரம்பம் எடுத்து வந்து அறுத்துக் கொடுத்தார், பேசாமல்.

மூன்று மணிக்கு ஆலங்கட்டி மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. சாரல் மேடைக்குள் பாதி வரை வந்தது. மாமாவின் செட்டில் தெருவும் தர்பாரும் இப்போது ஃபிளெக்ஸ். அவற்றுக்கு மழை ஒரு பொருட்டில்லை, குளிரில் விறைத்துச் சுருட்டும்போது மடமடவென்று சத்தம் போட்டதோடு சரி. காடு மட்டும் பழைய துணிப் படுதா, வஜ்ரப் பசை காய்ச்சிப் பொடி வண்ணம் குழைத்துக் கையால் தீட்டியது. அதன் ஓர் ஓரத்தில் பச்சை கரைந்து அருவிக்குள் இறங்கிவிட்டது. மாமா தன் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். துடைக்கக் கூடாதாம், ஒற்ற வேண்டுமாம். கயிறுகள் எல்லாம் பருத்தி. எல்லாம் ஊறிப் பருத்திருந்தன. அதை அப்போது யாரும் பேசவில்லை.

அதே நாள்: இரவு

பின்மேடையில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஒற்றை பல்பு. ஒப்பனைக்கு என்று தனி ஆள் கிடையாது. அவரவர் முகம் அவரவர் கையில். வள்ளியாக நடிப்பவர் பெட்டியைத் திறந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். அன்றைக்கு வெளியே 15, 16தான் இருந்திருக்கும். முகத்துக்கு எண்ணெய் பூசாமல் வண்ணம் ஏறாது. நான் புட்டியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்பே மிருதங்கக்காரர் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து, ஈரக் காற்றில் தளர்ந்துபோன தோலுக்கு அனல் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாரதர், பாதி மீசையோடு. தாடி மீசை ஒட்டும் பசை ஈரத்தில் காய மறுத்ததாம். கடைக்கார அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு எங்கள் மூவருக்கும் அடுப்பை விட்டுக்கொடுத்தார். அன்றிரவு நாடகத்தை நடத்தியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பத்தரைக்கு ஹார்மோனியம் எழுந்தது. அமாவாசைக்கு முந்தின நாட்கள். மேடை விளக்குக்கு வெளியே அப்படி ஓர் இருட்டு. குல்லாயும் கம்பளியுமாகப் பாறை மேலெல்லாம் ஆட்கள். பபூன் வந்தார், ஊர் விழித்துக்கொண்டது.

பதினொன்றரைக்கு அமைப்பாளர் பின்பக்கம் வந்து மாமாவின் காதில் சொன்னார்: முருகனின் கார் பாதையில் நிற்கிறது, காட்டுமாட்டுக் கூட்டம் ரோட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மாமா பதறவில்லை. தெருப் படுதாவின் கயிற்றை லேசாக இரண்டு சுண்டு சுண்டினார். படுதா சிலிர்த்தது. பேசிக்கொண்டிருந்த பபூன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த நகைச்சுவைக்குத் தாவினார். "இழு" என்று அர்த்தமாம். நாற்பது நிமிடம் இழுத்தார் அந்த மனிதர், ரேஷன் கடை முதல் மாமியார் வரை. நான் பார்த்த அளவில் அன்றைய நடிப்பில் அதுதான் உச்சம். முன்னால் இருந்தவர்களுக்கு அது நடிப்பு என்றே தெரியாது.

இப்படி ஒருவரை ஒருவர் முன்பின் பாராத கூட்டத்தில் எல்லோரையும் தெரிந்தவர்கள் கயிறு பிடிப்பவர்கள்தான் என்று எனக்கு அப்போது பட்டது. நடிகர்கள் உள்ளேயிருந்தே பாடத் தொடங்கி, பிறகுதான் மேடைக்கு வருவார்கள். ஒருவர் இரண்டாவது அடியில் நுழைவார், ஒருவர் ஹார்மோனியக்காரர் அதை வாங்கிப் பின்பாட்டாகப் பாடி முடித்த பிறகுதான் நகர்வார். இடது கயிற்றுக்காரருக்கு இது ஒவ்வொருவர் குரலிலும் அத்துப்படி. முருகனாக வருகிறவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டதும் கயிற்றில் கையை மாற்றிக்கொள்கிறார். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். முழு நாடகத்தை முன்னால் உட்கார்ந்து எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். "சின்ன வயதில் பார்த்திருப்பேன்" என்றார்.

வள்ளி தோழியோடு நுழைய வேண்டிய இடத்தில் ஊறிய கயிறு பழி தீர்த்தது. தெரு ஏறி, காடு தெரிய வேண்டும். வலப்பக்கம் ஏறியது, இடப்பக்கக் கயிறு கப்பியில் இறுகிக்கொண்டது. மூங்கில் சாய்ந்து நிற்க, ஊருக்கு வள்ளியின் கால் மட்டும் தெரிந்தது. சிரிப்பு கிளம்பியது. உள்ளே பாடிக்கொண்டிருந்த வள்ளி, பாட்டை நிறுத்தாமல் வசனத்தில் இறங்கினார்: "தோழி, மழை பெய்தால் நம் மலையில் காட்டுக்கும் கதவு சாத்திவிடுகிறார்களே, என் அண்ணன்மார் வந்து திறக்கட்டும்." ஊர் கைதட்டியது. ஹார்மோனியக்காரர் உடனே ஒரு நீண்ட சஞ்சாரத்தில் போய்விட்டார். மாமா இடுப்புக் கத்தியை எடுத்தார். ஒரு நொடி கயிற்றைப் பார்த்தார், புதுக் கயிறு. இரண்டு பக்கக் கயிற்றையும், மேலே துணியைக் குறுக்குக் கம்பில் கட்டிய கட்டுகளையும் ஒரே நேரத்தில் அறுக்கச் சொன்னார். படுதா முழுதும் தொப்பென்று விழுந்தது. மேடையில் அது விழுந்து முடிப்பதற்குள் தம்பி பின்னாலிருந்து காலால் கவ்வி உள்ளே இழுத்துவிட்டான். பரண் மேல் வள்ளி, கையில் கவண். பெரியவர் கட்டிய பரண் அசையவில்லை.

முருகன் வேடனாக வந்தபோது புகை போட வேண்டும். புகை இயந்திரத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்கு முன்பே மூடுபனி தானாக மேடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கு வெளிச்சம் அதில் கம்பி கம்பியாக நின்றது. அப்புறம் போகவும் இல்லை. மூன்று மணிக்கு நாரதர் தர்க்கம் செய்தபோது அவர் யாரோடு தர்க்கம் செய்கிறார் என்று பின்வரிசைக்குத் தெரியவில்லை. பொருள் பெட்டியில் ஒன்றும் தொலையவில்லை. கிழவர் வேடத்துத் தாடியை மட்டும் ஒரு நாய் தூக்கப் பார்த்தது.

ஏப்ரல் 26, சனி

ஐந்தரைக்கு மாலை மாற்றி மங்களம் பாடினார்கள். கூட்டம் பத்து நிமிடத்தில் கலைந்தது. நடிகர்கள் அரை மணியில் முகம் கழுவி, வெள்ளையும் சிவப்பும் காது மடலில் ஒட்டியிருக்க, கீழே போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். ஈரப் படுதாவைச் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், வண்ணம் முதுகில் ஒட்டும். காய வைக்காமல் காட்டைக் கீழே கொண்டு போக முடியாது என்று மாமா சொல்லிவிட்டார். வண்டிக்கு ஒரு நாள் கூடுதல் வாடகை ஆகும் என்று டிரைவர் சொன்னார். இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுக்கொள்ளாத பாவனையில் டீ குடித்தார்கள்.

ஊர்ப் பொருளாளர் தன் தோட்டத்துக் காபிக் களத்தைக் கொடுத்தார். பழம் பறித்துக் காய வைக்கும் வேலையெல்லாம் மார்கழி, தை, மாசியோடு முடிந்துவிடும். சித்திரையில் களம் சும்மாதான் கிடக்கிறது. சிமென்ட் களத்தில் காட்டையும் தர்பாரையும் தெருவையும் விரித்தோம். வெயில் நன்றாக அடித்தது. பிள்ளைகள் வந்து ஃபிளெக்ஸ் தர்பாரில் ராஜா ராணி விளையாடினார்கள்; துணிக் காட்டின் பக்கம் யாரும் கால் வைக்காமல் மாமா கம்போடு உட்கார்ந்திருந்தார். பகலில் பக்கத்தில் பார்த்தால் காடு வெறும் பச்சைத் திட்டு. இருபதடி தள்ளிப் போனால் மரமாகிறது. அருவியில் கலந்த பச்சையை ஒரு பெண்மணி நின்று பார்த்துவிட்டு, "மழைக்காலத்தில் புல்லாவெளி அருவி இப்படித்தான் கலங்கலாக வரும்" என்றார். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மதியம் பொருளாளர் வீட்டில் கிடாக்கறி. திருவிழாவுக்கு வெட்டியதில் எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். மிளகு தோட்டத்து மிளகு, கண்ணில் நீர் வந்தது. சாப்பிட்டுவிட்டுக் களத்து ஓரத்தில் மாமா பேச ஆரம்பித்தார். வண்ணப் படுதாக்கள் வடக்கேயிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளோடு நம் பக்கம் பரவியவை. அதற்கு முன் கூத்தில் இரண்டு பேர் துணியைப் பிடித்து நிற்பதுதான் திரை. நாடகக் குழு நடத்திய நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் காலத்தில் மேடையின் பிரமாண்டத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் ஒரு கதை, நாடகக்காரர்கள் எல்லோரும் சொல்வது: சனீசுவரன் வேடம் போட்ட அவர் விடியற்காலையில் அரிதாரத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போக, அங்கே ஒரு கர்ப்பிணி அந்த முகத்தைக் கண்டு அதிர்ந்து கர்ப்பம் கலைந்துவிட்டதாம், அதோடு நடிப்பை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாராம். அதனால்தான் தன் செட்டில் யாரும் வேடத்தோடு ஊருக்குள் போகக் கூடாது என்று மாமா சட்டம் வைத்திருக்கிறார். பாதி மீசை நாரதர் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை நான் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு மேகம் கூடியது. எல்லோரும் ஓடிச் சுருட்டினோம். தூறல் விழுவதற்குள் காடு கூடத்துக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கணக்குப் பேசும் காலை. சீன் செட் வாடகை பேசியபடி 8,000 ரூபாய், வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அறுத்த கயிற்றுக்கு 600 கேட்டார் மாமா, 400 கொடுத்தார்கள். கூடுதல் நாள் வண்டி வாடகைப் பேச்சை எடுத்ததும் பொருளாளர் உள்ளே போய் ஒரு மலைவாழைத் தார், அரைத்த காபித்தூள் இரண்டு கிலோ, கூடை நிறைய அவரைக்காய் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினார். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி வாழை. தோல் சுருங்கிய பிறகுதான் தின்ன வேண்டும் என்று நான்கு முறை சொன்னார். அதற்கு மேல் ரூபாயைப் பற்றி யார் பேசுவது?

டிரைவர் பேசினார். இறக்கத்தில், பெரும்பாறை தாண்டி, வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பேசினார். வாழைத்தாரை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார் மாமா. டீசல் பங்க்கில் வாழைப்பழம் வாங்க மாட்டார்கள் என்றார் டிரைவர். மாமா என்னைப் பார்த்தார். ஆசிரியர் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1,500 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது, தார் எனக்கு என்ற நிபந்தனையோடு.

இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் மூங்கில் இடிக்கவே இல்லை. மாமா மேலே இருக்கும்போதே ரம்பத்தைக் கடன் வாங்கி எல்லாவற்றையும் நடுவில் அறுத்து, இரும்புக் குழாய் செருகி இணைக்கும்படி செய்துவிட்டார். ரம்பம் கொடுத்தவர் பரண் பெரியவர்தான்; வாங்கும்போது, "இதற்கும் பன்றி வராதா?" என்று கேட்டாராம்.

வத்தலக்குண்டு வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. தேங்காய் எண்ணெய் பெட்டிக்குள் உருகி, வேல், கவண், கிழவர் தாடி எல்லாவற்றிலும் ஊறியிருந்தது; வள்ளி தன் புட்டியை எங்கள் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். தாடியை சீயக்காய் போட்டு இரண்டு தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் காயப் போட்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர்கள் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.